சிமெண்டு இழுத்த இஞ்சின்

செரண்டா ஸ்டேஷனில் கொமுட்டர் மின்சார ரயிலுக்காக நிற்கிறேன். எதிர்த் தண்டவாளத்தில் ஒரு பழைய டீசல் இஞ்சின் சிமெண்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது. அதன் கரும்புகை மூக்கில் ஏறியதும் அம்மா நினைவில் வந்துவிட்டாள்.

நீராவி இஞ்சின்களை ஓரங்கட்டிவிட்டு வந்த இஞ்சின் இது. அப்போதெல்லாம் ஒருநாள் சரக்கை இழுக்கும், மறுநாள் ஆட்களை இழுக்கும். மின்சார ரயில் வந்ததும் ஆட்களை அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அதற்காக அது நின்றுவிடவில்லை.

என்னை ரவாங்கில் இடைநிலைப்பள்ளியில் சேர்க்கப் போன அன்று, அம்மா ரப்பர் மரம் சீவி முடித்த கையோடு, உடுப்பு மாற்ற நேரமில்லாமல் ரயிலேறினாள். டிக்கெட் பரிசோதகர் மூக்கைப் பொத்தினார்.

“ரப்பர் பால் நாத்தம் தாங்கல. பின்னால சாமான் பெட்டிக்குப் போம்மா.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா நகரவில்லை.

“ஐயா, இந்த இஞ்சின் நேத்து என்னா இழுத்துச்சு?”

“சிமெண்டு.”

“இன்னிக்கு நம்மள இழுக்குது. குளிச்சிட்டா வந்துச்சு?”

பெட்டியே சிரித்தது. ரவாங் வரை அம்மா ஜன்னலோரம்தான் உட்கார்ந்து வந்தாள்.

கொமுட்டர் வந்தது. தொழிற்சாலை எண்ணெய் ஊறிய சட்டையோடு ஏறினேன். ஓர் இளைஞன் என்னைப் பார்த்து முகம் சுளித்து, பக்கத்துக் காலி இருக்கையில் தன் பையைத் தூக்கி வைத்தான்.

“பைய எடு தம்பி. நான் உக்காரணும்.”