தேங்காயெண்ணெய் பூசிய நான்காவது சக்கரம்

கருங்கல் சந்தைக்கு மேற்கே, ரப்பர் ஷீட்டு எடுக்கிற கடைக்கு அடுத்தாற்போல இருக்கிற பஞ்சர் கடை ஞானதாசனுடையது. அப்பன் வழியில் அவன் புதுக்கடைக்காரன். அம்மை வழியில், கிணறு வெட்டுகிற மரியானின் இரண்டாவது மகள் வயிற்றுப் பேரன். அந்தக் குடும்பத்துக்கு வாய் குறைவு, கை கூடுதல் என்பார்கள். ஞானதாசனும் அப்படித்தான். பதினொரு வருஷம் குவைத்தில் ஒரு பட்டறையில் இருந்தான். வங்கிப் பணம் கொண்டுபோகிற வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டுகிற வேலை. டயரில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தாலும் நிற்காமல் ஓடுகிற சக்கரம் அது. டயருக்குள்ளே, ரிம்மைச் சுற்றி, கட்டி ரப்பரில் ஒரு வளையம் இருக்கும். காற்று போனால் டயர் அந்த வளையத்தின்மேல் உட்காரும். ரிம் தரையில் அடிக்காது. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் மெல்ல ஓட்டிப் போய்விடலாம். ஊருக்குத் திரும்பிய பிறகு இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே யார் யாரைச் சுடப்போகிறார்கள்?

மகன் டிஜோ செத்த பிறகுதான் அந்த வளையம் அவன் தலைக்குள் சுற்ற ஆரம்பித்தது.

டிஜோவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நாலு வருஷத்துக்கு முந்தி, ஒரு வீட்டுக்கு மேல்கூரைத் தகரம் போடப் போனவன் கால் தவறி விழுந்தான். கோயில் வேனில் கொண்டுபோனார்கள். பங்குக்கோயில் வாங்கி ஊருக்கென்று விட்டிருக்கிற ஆம்புலன்ஸ் அது. ஓட்டுகிறவன் மரியஜான், ஞானதாசன் பெண்டாட்டி ரீத்தாவுக்குச் சித்தி மகன். இரணியல் தாண்டியதும் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்றில்லை. வேறு வண்டி வந்து சேர நாற்பது நிமிஷம். ஆஸ்பத்திரி வாசலில் பையன் கண்ணை மூடிவிட்டான்.

விதி என்றது ஊர். ரீத்தாவும் அதைத்தான் நம்பினாள். ஆனால் அந்த ஸ்டெப்னி ஞானதாசன் கடையில் பஞ்சர் ஒட்டின டயர். ஒட்டி முடித்த நேரத்தில் கரண்டு போய்விட்டது. கம்ப்ரசர் ஓடாது. சனிக்கிழமை காற்று பிடித்துக்கொள்ளலாம் என்று அப்படியே வேனில் ஏற்றிவிட்டான். அந்தச் சனிக்கிழமை மறந்துபோனது. செவ்வாய்க்கிழமை மகன் விழுந்தான். இது தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஞானதாசனும் மரியஜானும். அக்காவின் குடும்பம் இரண்டாகப் பிளந்துவிடும் என்று மரியஜான் வாயைப் பொத்திக்கொண்டான். ஞானதாசன் அந்த டயரைக் கொண்டுவந்து கடையின் பின்னே சாக்குக்கு அடியில் போட்டான். தூக்கிப்போடவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை.

ஸ்டெப்னியே வேண்டாத வண்டி ஒன்று வேண்டும் அவனுக்கு. வளையத்தை உள்ளே நுழைக்க ரிம்மை நடுவில் அறுத்து இரண்டு பாதியாக்கினான். நடுவில் ரப்பர் வாஷர் வைத்து, எட்டு போல்ட்டில் காற்று போகாமல் பூட்டினான். ரப்பர் மிதியடி வார்க்கிற பட்டறையில் கெஞ்சிக் கூத்தாடி வளையம் வார்த்தான். மூன்று வருஷத்தில் உடைந்ததும் கிழிந்ததும் எத்தனையோ.

"ஓய் ஞானதாசா, பஞ்சரே வேண்டாம்னு சக்கரம் செய்யித ஒரே பஞ்சர்காரன் நீருதான்வே," என்பான் அடுத்த கடை குமாரதாஸ். "நாளைக்கு சவப்பெட்டிக்காரன் சாவாத மருந்து கண்டுபிடிப்பான், பாத்துக்கிடும்."

ஞானதாசன் சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான்.

குவைத்தில் டயருக்குள்ளே ஒரு வழுவழுப்பான பசையைப் போடுவார்கள். காற்று போனதும் டயரும் வளையமும் உரசிச் சூடாகாமல் இருக்க அது வேண்டும். இங்கே அது ஏது? நம்மூரில் தலைக்கும் காலுக்கும், கதவுக் கீலுக்கும் சைக்கிள் செயினுக்கும் ஒரே மருந்துதான். தேங்காயெண்ணெயை எடுத்து நான்கு வளையத்திலும் தாராளமாகப் பூசி, கோயில் வேனில் மாட்டிவிட்டான். ரீத்தா அதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். இருபது வருஷமாக ரப்பர் வெட்டுகிறவள்.

"டிஜோக்க அப்பா, உங்களுக்கு கிறுக்கா? ரப்பருக்கு எண்ணெ சத்துருவாக்கும். எண்ணெக் கையோட ஷீட்டைத் தொட்டாலே எங்கப்பன் அடிப்பாரு. ஊறிப் பிசுபிசுத்துப் போவும். போடணும்னா ஆமணக்கெண்ணெ போடுங்க. ஷீட்டு மெசினு உருளைக்கு அப்பன் அதைத்தான் விடுவாரு."

ஒரு துண்டு ரப்பரை இரண்டு குப்பியில் போட்டுப் பார்த்தான். ஒரு வாரத்தில் தேங்காயெண்ணெயில் கிடந்தது ஊறின அப்பளம்போல் வீங்கியிருந்தது. ஆமணக்கெண்ணெயில் கிடந்தது அப்படியே இருந்தது. வேனைக் கொண்டுவரச் சொல்லி மூன்று சக்கரத்தை அவிழ்த்து, வளையத்தைக் கழுவித் துடைத்து, ஆமணக்கெண்ணெய் பூசினான். நாலாவதற்கு எண்ணெய் தீர்ந்துபோனது. மரியஜானுக்கும் அவசரச் சவாரி. சனிக்கிழமை பார்க்கலாம் என்றான் ஞானதாசன். சொன்ன வாய்க்குக்கூட அந்த வார்த்தை உறைக்கவில்லை.

அது புதன்கிழமை. வியாழக்கிழமை காலையில் ரீத்தாவைப் பாம்பு கடித்தது.

எட்டு மணி இருக்கும். தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கிற நேரம். ஒரு மரத்தில் கட்டியிருந்த சிரட்டை சருகில் விழுந்து கிடந்தது. அதை எடுக்கக் கை நீட்டினாள். சருகு நிறத்தில் சுருண்டு கிடந்த விரியன் விரலில் போட்டது. பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். இருபது நிமிஷமாகியும் உறையவில்லை. கையிலிருந்த மருந்தை ஏற்றிவிட்டு, உடனே ஆசாரிப்பள்ளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கோயில் வேன் வந்தது. ஞானதாசன் பின்னால் ஏறி அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். கை முழங்கை வரை வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்தது.

இரணியல் தாண்டி ஒரு கிலோமீட்டர் போயிருக்காது. பின்னால் படாரென்று ஒரு சத்தம். வேன் ஒருதரம் ஆடி நிமிர்ந்தது.

"அத்தான், டயரு போச்சு!"

"நிறுத்தாதல!"

"பின்னாடியாக்கும்."

"தெரியும். முப்பதுக்கு மேல போவாத. நிறுத்த மட்டும் செய்யாத மக்கா."

வண்டி ஓடியது. மூன்று வருஷமாக அவன் கேட்க ஏங்கிய சத்தம், காற்றில்லாத டயர் வளையத்தின்மேல் பொதபொதவென்று உருளுகிற சத்தம், காலடியில் கேட்டது. அன்று டயர் வெடித்து, டிஜோவை இறக்கிப் போட்டு உட்கார்ந்திருந்த கலுங்குப் பாலத்தைக்கூட அது நிற்காமல் தாண்டியது. ஞானதாசனுக்கு அது எதுவும் மனதில் ஏறவில்லை. விட்டுப்போன நாலாவது சக்கரம் எது? இடது பின்னா, வலது பின்னா? நேற்று எந்தப் பக்கத்திலிருந்து அவிழ்க்கத் தொடங்கினான்? எவ்வளவு நெற்றியைப் பிசைந்தும் ஞாபகம் வரவில்லை.

"மரியஜானே, வெடிச்சது எந்தப் பக்கம்லே?"

"எடது பக்கம்னு தோணுது அத்தான்."

ரீத்தா கண்ணைத் திறந்தாள்.

"எங்கயோ தேங்காயெண்ணெ காயுது," என்றாள். "யாரு அப்பம் பொரிக்கியது?"

ஞானதாசன் மூக்கை உறிஞ்சினான். வேனின் தரை இடுக்கு வழியாக, கருகின ரப்பரோடு கலந்து, அடுப்படி மணம் வந்துகொண்டிருந்தது. வெடித்தது அந்த நாலாவது சக்கரம்தான் என்று தெரிந்துபோயிற்று. அவன் தலைமாட்டிலிருந்து நகர்ந்து ரீத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"எதுக்கு அழுவுதீங்க? எனக்கும் நேரம் வந்தாச்சு போல. நான் அவன்கிட்டதானே போறேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அப்பா என்ன சொன்னாருன்னு பிள்ள கேட்டா நான் என்ன சொல்லணும்?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. இன்னும் பத்து கிலோமீட்டர். கீழே வளையம் உருகிக்கொண்டிருக்கிறது. போகிறவளிடம் பொய் சொல்லி அனுப்ப முடியுமா?

"ஸ்டெப்னியில காத்து பிடிக்காம வேன்ல ஏத்தினது அப்பன்தான்னு சொல்லு ரீத்தா. சனிக்கிழமை பிடிக்கலாம்னு மறந்துட்டேன்னு சொல்லு. கொன்னது நான்தான்னு சொல்லு."



"அக்கா, அது வந்து..." என்று முன்னாலிருந்து மரியஜான் தொடங்கினான்.

"ஒனக்கும் தெரியுமால? நீ ரோட்டப் பாத்து ஓட்டுல," என்றாள் ரீத்தா.

அவ்வளவுதான். முகத்தைத் தகரச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவன் பிடித்திருந்த காலை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

கடைசி மூன்று கிலோமீட்டரில் வளையம் விட்டுப்போனது. உருகின ரப்பர் கட்டி கட்டியாகப் பிய்ந்து மட்கார்டில் அடித்தது. பிறகு வெறும் ரிம் தாரில் இழுபடுகிற சத்தம். ரோட்டில் போனவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். "ஓட்டு மக்கா, ஓட்டு மக்கா," என்று ஞானதாசன் வேனின் தகரத்தில் அடித்துக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது ரிம்மின் ஓரம் எலி கடித்த கருப்பட்டிபோல் இருந்தது.

ரீத்தா சாகவில்லை. பதினாறு நாள் கிடந்தாள். ஆள்காட்டி விரலின் ஒரு கணுவை எடுத்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் கையோ உயிரோ போயிருக்கும் என்றார் டாக்டர். இந்தச் செய்தி கருங்கல் முழுக்கப் பரவி, குமாரதாஸ்கூடக் கடைக்கு வந்து, "ஓய், பொண்டாட்டியைக் காப்பாத்திட்டீரே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். ஞானதாசன் கையை உருவிக்கொண்டான். செத்துப்போகிறவளிடம் சொன்னது, இப்போது உயிரோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

அவள் சண்டை போடுவாள் என்று காத்திருந்தான். அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று நினைத்தான். ஒன்றும் நடக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு கஞ்சி வைத்தாள், அவன் தட்டில் ஊற்றினாள், பேசவில்லை. வீடு திரும்பிய எட்டாம் நாள், ஒரு சனிக்கிழமை, நேராகக் கடைக்கு வந்தாள்.

"அந்த டயரு எங்க?"

அவன் சாக்கை விலக்கி உருட்டிக்கொண்டு வந்தான். நாலு வருஷத்துத் தூசி.

"காத்து பிடிங்க."

கம்ப்ரசர் ஓடியது. டயர் மெல்ல மெல்ல நிமிர்ந்து உப்பியது. வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றச் சொன்னாள். ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. அவள் நல்ல கையின் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாள். கல்போல நின்றது.

"ரெண்டு நிமிசம்," என்றாள். "அம்புடுதானா?"

அவன் கம்ப்ரசரை அணைத்தான். அவள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்குக் கோயில் வேன் கடை முன்னால் வந்து நிற்கும். ரீத்தாவும் வருவாள். நான்கு சக்கரத்துக்கும், ஐந்தாவதாக அந்தப் பழைய ஸ்டெப்னிக்கும் ஞானதாசன் காற்றுப் பார்ப்பான். முடிகிறவரை அவள் நிற்பாள். ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்துவாள். சரியாக இருந்தால் தலையை அசைத்துவிட்டுத் திரும்பிப் போவாள். அந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இப்போது இருக்கிற பேச்சு அந்தத் தலையசைப்பு ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஞானதாசனுக்குத் தூக்கம் வராது. கரண்டு போய்விடக்கூடாதே என்று படுத்துக்கிடந்து வேண்டிக்கொண்டிருப்பான்.