மடுவத்துச் சுவரில் ஒரு மீசை

இப்போதெல்லாம் டவுன் பக்கம் சுவரில் படம் வரைந்தால் நின்று ரசிக்கிறார்கள், போட்டோ பிடிக்கிறார்கள். எழுபதுகளின் கடைசியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் வரைந்த படத்துக்கும் ரசிகர்கள் குறைவில்லை. என்ன, கீழே கையெழுத்துப் போடத்தான் வழியில்லை.

அன்று காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, கொஞ்சம் பிந்திவிட்டேன். "இன்னைக்கு உனக்கு வேலையில்ல, திரும்பிப் போ" என்று எல்லார் முன்னாலும் கணக்கப்பிள்ளை விரட்டினார். எனக்கு வந்ததே கோபம்! நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போய் அடுப்புக்கரியை எடுத்தேன். மற்றவர்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் புது வெள்ளைச் சுவரில் அவரை ஆளுயரத்துக்கு வரைந்தேன். பாதிச் சுவர் மீசைக்கே போய்விட்டது.

மத்தியானம் நிறுவைக்கு வந்த பெண்கள் கூடையை இறக்க மறந்து சிரித்தார்களாம்.

மறுநாள் பெரட்டில் அவர் கொதித்துக்கொண்டிருந்தார். "யாரு கையில கரி இருக்கோ அவ பேர வெட்டிருவேன். எல்லாரும் கைய நீட்டுங்க!"

பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கத் தோட்டம் கொடுத்த ஒற்றை அறைக் காம்பராவும் போகும். அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? சாம்பல் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கரி போகவில்லை.

கைகள் நீண்டன. அத்தனையும் கறுப்பு! வருஷக்கணக்காகக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். பாவம், கோபத்தில் மனுஷன் அதை மறந்துவிட்டார்.

"ஐயா, எங்க எல்லாரு பேரையும் வெட்டிட்டு நீங்களே கொழுந்து பறிச்சிருங்க" என்றாள் பக்கத்துக் காம்பரா அக்கா. கொல்லென்று சிரிப்பு. அவர் விறுவிறுவென்று மடுவத்துக்குப் போய், சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார்.

அடுத்த நாள் பெரட்டில் பார்த்தால் அவர் முகத்தில் மீசையைக் காணோம்! மழமழவென்று வந்து நிற்கிறார். சுவருக்கு வெள்ளையடிக்கவா என்று கேட்ட ஆளிடம், "அது யாரோ மீசைக்காரன். இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பேர் பதிந்துகொண்டே வந்தவர் என் முன்னால் நின்றார். "முந்தாநாள் வேலையில்லாம இருந்தவ நீ ஒருத்திதான்" என்றார் மெதுவாக.

"மீசைய எடுத்தாச்சு. இனி வரைய ஒண்ணுமில்ல. நாளைக்கு நேரத்தோட வா."

என் பேரைப் பதிந்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.