பெயர் வைக்காமல் கேட்ட சத்தம்

எழுபத்திரண்டா, எழுபத்து மூன்றா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மந்தைவெளியில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான், மனைவி, ஏழு வயது மகள். தி.நகரில் என் மாமாவின் ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. ஜவுளிக்கடைக்காரனுக்குக் காது முக்கியம். எதிரே நிற்பவரிடம் விலை சொல்லிக்கொண்டே, பின்னால் துணி கிழிகிற சத்தத்தை வைத்து அது நேராகப் போகிறதா கோணலாகப் போகிறதா என்று சொல்லிவிடுவேன். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் காது அடங்காது. தூக்கம் போயிற்று. அதனால்தான் அடையாற்றில் ஒரு கல்லூரி ஆசிரியர் தம் வீட்டு ஹாலில் நடத்திய தியான வகுப்புக்கு ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தேன். அவருக்கும் என் வயதுதான்.

"சத்தம் வந்தா வரட்டும் ஓய். இது காக்கா, இது பஸ்ஸுன்னு பேர் வெக்காதேயும். சும்மா கேட்டுண்டு, விட்டுடும்" என்றார்.

சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி நான். தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். போதாதென்று கடையிலும் பழகினேன். துணி கிழிந்தது, கேட்டேன், விட்டேன். இரண்டு கஜம் கோணலாகப் போயிற்று. "ஏல, எங்க இருக்க?" என்று மாமா கத்தினார். அதையும் விட்டேன்.

ஓராண்டு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் நடந்தது. மனைவி பால் பூத்துக்குப் போயிருந்தாள். கீழே அடிபம்பு கிறீச்சிட்டது. காக்கை, தெருமுனையில் பஸ், எங்கோ ஓர் அழுகை. ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. திடீரென்று சத்தம் வேறு, நான் வேறு என்று இல்லாமல் போயிற்று. பம்பும் நான், காக்கையும் நான், அழுகையும் நான். அழகாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் அழகாகத்தான் இருந்தது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கீழ்வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அம்மாள்.

"இன்னா சார், கொயந்த அழுதுகினே கீது, நீ கண்ண மூடிகினு குந்திகினு கீறியே!"

மகள் அவள் இடுப்பில் இருந்தாள். அம்மாவுக்கு உதவுகிறேன் என்று சின்னக் குடத்தோடு இறங்கி, பம்படிப் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். மோவாயெல்லாம் ரத்தம். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள்.

மனைவி திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவ அழுதது கேட்டுச்சா?"

"கேட்டுது."

மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "கேக்கலன்னு சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணில் பொறாமையே தெரிந்தது. "அதுதான் ஓய்! உமக்கு வந்துடுத்து. நான் எட்டு வருஷமா உக்காந்துண்டிருக்கேன், நேக்கு வரலையே!" என்றார். குழந்தைக்குக் காயம் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை அவருக்கு. கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் புரியவில்லை. எல்லாம் ஒன்று என்றால் அந்த அழுகையும் நான்தானே? பின்னே எனக்கு ஏன் வலிக்கவில்லை? பஸ் ஏறி வீடு வந்து சேரும் வரை இதையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் மறுநாள் உட்கார்ந்தேன்.

மகள் வாசற்படியில் வந்து நின்றாள், மோவாயில் பிளாஸ்திரியோடு. "அப்பா" என்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல." போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தாள். பிளாஸ்திரி போய்த் தழும்பு வந்த பிறகும் வந்தாள். நாளுக்கு நாள் குரலைத் தணித்துக்கொண்டே போனாள். கடைசியில் வெறும் மூச்சுதான். அதற்கும் "என்னம்மா" என்றேன். பரீட்சை வைக்கிறாள் என்று தெரியும். ஒருமுறைகூடத் தவறவில்லை. அந்த ஒற்றைச் சத்தத்துக்காகக் காது காத்திருந்ததில், பம்பு பம்பாகவும் காக்கை காக்கையாகவுமே இருந்தன. அன்று நடந்தது மறுபடி நடக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்த சமயம் என்று நினைவு. ஒருநாள் அவள் கூப்பிடவில்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். பக்கத்து அறையில் தரையில் குப்புறப் படுத்து நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஏம்மா கூப்பிடல?"

"நீங்க உக்காருங்கப்பா" என்றாள், நிமிராமலே.

கூப்பிட்டால் வருவேன் என்று நம்பிவிட்டாளா, இல்லை இந்த அப்பா இவ்வளவுதான் என்று விட்டுவிட்டாளா? அப்போது கேட்கவில்லை. இப்போது அவளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

அன்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, கடைக்கு நேரமாகும் வரை, அந்த ஒரு குரலுக்காகவே உட்கார்ந்திருந்தேன்.