வெள்ளித் தடம் துடைக்கும் ரோபோ

இன்று தரையைக் கூட்டித் துடைக்கும் ரோபோ வாங்க சிவகாசிக் கடைக்குப் போனோம்.

என் வீட்டுக்காரர் நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி சூப்பர்வைசர். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் குதிகாலில் அலுமினியப் பவுடர் மினுங்கும். வீடெல்லாம் வெள்ளித் தடம். சர்க்கரை உள்ள மனிதர் மைசூர்பாகைத் தேடி பிரிட்ஜுக்குப் போனதை எனக்குச் சொல்வதே அந்தத் தடம்தான்.

கடையில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் இரண்டு மிதி மிதித்தார். விலை குறைந்த ரோபோ தடத்தைத் தரையெல்லாம் மெழுகி வைத்தது. விலை கூடியது பளிச்சென்று துடைத்துவிட்டு, தன் துணியையும் தானே அலசிக்கொண்டது.

"இதையே எடுத்துருவோம்" என்றார். பேரம்கூடப் பேசவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

கடைக்காரத் தம்பி சும்மா இருக்கவில்லை. "இதுல இன்னொரு வசதியும் இருக்கு அண்ணாச்சி. எங்கன அழுக்கு கெடந்துச்சுன்னு அக்கா போனுக்குப் படம் அனுப்பிரும்."

இவர் முகம் நமத்த சரவெடி மாதிரி ஆகிவிட்டது. "நமக்கு அந்தச் சின்னதே போதும்மா. கரண்டும் மிச்சம்."

"பெருசுக்கே பில்லைப் போடுங்க தம்பி" என்றேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மனிதர் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறார்.

சாக்ஸையும் காட்டிக்கொடுக்கிற மாடல் யார் வீட்டிலாவது இருக்கிறதா?