தகரத்தில் ஒரு கதவு

காலை ஆறு பத்துக்கு மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கார் கிளம்பியது. சிவகாசியை ஒட்டியுள்ள நாரணாபுரத்துக்கு எண்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் அந்த ஆண்டு ஆடியில் பேருந்துகள் ஓடவில்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு மூன்றாம் முறை எனக்குக் கிடைத்தது. காரணம் கேட்ட கட்டத்தில் 'மருத்துவம்' என்று குறித்திருந்தேன். பொய்யில்லை. என் மகள் நிவேதாவுக்கு ஒன்பதாவது மாதம். வளைகாப்பு முடித்து ஏழாம் மாதமே அழைத்து வந்திருக்க வேண்டியவளை ஊரடங்கு அங்கேயே நிறுத்திவிட்டது. அவளைக் கூட்டி வரத்தான் போனேன். படிவத்தில் நான் எழுதாத செய்தி ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்குத் தொற்று உறுதியாகி அவரைச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோன பிறகு, அவள் இருந்த தெருவை மூன்று நாளாகத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.

எங்கள் தெருவிலும் தகரம் இருந்தது. தொற்று வந்த எதிர் வீட்டின் வாசலை முழுதாக மூடி, குறுக்கே இரண்டு சவுக்குக் கம்பு வைத்து ஆணி அடித்திருந்தார்கள். உள்ளே மல்லிகாவும் அவள் பிள்ளைகள் இருவரும். அப்படி அடைக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மூன்று முறை ஃபோன் செய்தது நான்தான். வைகாசியில் என் தம்பி இந்த நோயில் போனான். அடக்கத்தை ஃபோனில்தான் பார்த்தேன். பாதியில் சிக்னல் போய்விட்டது. அதன்பின் எதிர் வீட்டில் யாராவது இருமினால்கூட எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன். எனவே அந்தத் தகரம் சரியென்றே நினைத்தேன். அன்று காலை அதைக் கடக்கும்போதும் அப்படித்தான் நினைத்தேன்.

போக வர வாடகை மூவாயிரத்து இருநூறு ரூபாய். ஓட்டுநர் முருகேசன் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டார்.

"ஏசி போடக் கூடாதாம் டீச்சர். ஆடிக் காத்துல கொரோனா எல்லாம் பறந்துரும். உங்க கண்ணாடி பறந்தா மட்டும் நான் பொறுப்பில்ல."

நான் பள்ளியில் புவியியல் நடத்துபவள். பாடத்தில் வரும் ஆடிக் காற்றை அன்று முகத்தில் வாங்கிக்கொண்டே திருமங்கலம் தாண்டினேன்.

ஏழேகாலுக்கு மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடி. காவலர் இ-பாஸைப் பார்த்து, என் நெற்றிக்கு வெப்பமானியைக் காட்டினார். "எந்த ஊருக்கும்மா?" சொன்னேன். "திரும்பி வர்றப்ப எத்தன பேரு?" மூன்று என்றேன். அந்த எண்ணைச் சொன்னபோது எனக்குச் சந்தேகமே இல்லை.

விருதுநகரில் எட்டு மணிக்கு ஒரு கடையில் பார்சல் இட்லி வாங்கிக் காருக்குள்ளேயே சாப்பிட்டோம். அங்கிருந்து சிவகாசிச் சாலையில் கரிசல் காடும் சீமைக்கருவேலமும்தான். திருத்தங்கல் நெருங்கும்போது இடதுபுறம் வேலிக்குள்ளே பட்டாசு ஆலை ஒன்றின் அறைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு வகுப்பறை அகலத்துக்கும் மேல் வெற்றிடம். சின்ன அறைக்கு நாலு பக்கமும் வாசல், நாலும் விரியத் திறந்து கிடந்தன. வெளியே செருப்புகள் வரிசையாக இருந்தன. பாதி ஆட்களை வைத்து வேலை தொடங்கியிருந்த நேரம் அது.

"இவங்க கொரோனாவுக்கு முன்னாலயே தள்ளித் தள்ளித்தான் உக்காந்திருக்காங்க" என்றார் முருகேசன்.

எட்டே முக்காலுக்கு நாரணாபுரம். சம்பந்தி வீடு இருப்பது ஒரு முட்டுச் சந்தில், நாலே வீடுகள். சந்தின் கடைசியில் ஓர் அச்சகத்தின் பின்சுவர். சந்தின் வாயில் ஆளுயரத்துக்கு மேல் மூன்று தகரங்கள் நின்றன. இரண்டு தகரம் சேரும் இடத்தில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. அதில் முதலில் ஒரு கண் தெரிந்தது. பிறகு பூப்போட்ட நைட்டியின் ஒரு கீற்று.

"வந்துட்டியாம்மா? சாப்பிட்டியா?"

என் மகளை ஐந்து மாதம் கழித்துப் பார்க்கிறேன். இரண்டு விரல் அகலத்துக்குப் பார்க்கிறேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை மெதுவாகச் சொன்னேன். அச்சகத்துப் பின்சுவரில் ஓர் இடம் இடிந்து இடுப்பளவுதான் இருக்கிறது என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். முருகேசன் காரை அந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுவார். ஒரு நாற்காலி போட்டு ஏறினால் போதும்.

அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஒம்பது மாசத்துல சுவரேறிக் குதிக்கச் சொல்ற மொத அம்மா நீதான்."

"விளையாடாத. பாஸ் இருக்கு, கார் இருக்கு."

"நான் அங்க வந்துட்டா நம்ம தெருவுக்குத் தகரம் கேட்டு யாரு ஃபோன் பண்ணுவா? நீயா, மல்லிகாக்காவா?"

நான் ஃபோன் செய்த கதையை அவளிடம் நானே சொல்லியிருந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"டெஸ்ட் ரிசல்ட் இன்னும் வரல. எனக்கு இருந்தா உனக்கும் வரும், கார்க்கார அண்ணனுக்கும் வரும். நான் வரலம்மா. பதினாலு நாளும் இங்கதான் இருப்பேன். ஆனா வலி வந்தா போக வழி வேணும். நேத்து இந்தத் தகரத்துல ஆணி எண்ணுனேன். இருபத்தாறு. அம்புட்டையும் பிடுங்க எம்புட்டு நேரம் ஆகும்? அடிச்சவர் நம்பருக்கு மூணு தடவ போட்டாச்சு. எடுக்கவே இல்ல."

அவள் பின்னாலிருந்து சம்பந்தியம்மாள் பாக்கியம் குரல் கொடுத்தார். "மதினி, நல்லா இருக்கீகளா? வீட்டுக்கு வந்தவுகளுக்கு ஒரு வாய் காப்பி குடுக்க முடியல பாருங்க. நாங்க என்ன வெடிமருந்தா, இப்பிடி அடைச்சு வச்சிருக்காக!"

அப்போதுதான் எங்கள் பேச்சு தெருவில் நின்ற எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. எதிரே ரேஷன் கடை. கடைக்கு முன்னால் ஆள் நிற்கச் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டிருந்தார்கள். கையில் பையோடு ஆளுக்கொரு வட்டத்தில் நின்றவர்கள், வட்டத்தை விட்டு வெளியே வராமலே சண்டையைத் தொடங்கினார்கள்.

மூன்றாவது வட்டத்தில் தங்கவேல். பக்கத்துத் தெருவில் அட்டைப்பெட்டி செய்பவர். சந்தின் வாயை அடைக்கச் சொல்லி மனு எழுதியவர் அவர்தான் என்று நிவேதா முன்பே ஃபோனில் சொல்லியிருந்தாள். "பாக்கியக்கா, ஒங்களுக்கு ஒரு கஷ்டம்னா எனக்கு ஒரு கஷ்டம். எம் பொண்டாட்டிக்குச் சுகரு, கிட்னியும் பாதி. இது அவளுக்கு வந்தா நாலு நாளு தாங்க மாட்டா. நீங்க மொத நாளு சந்த விட்டு வெளிய வந்து பால் வாங்குனீகளா இல்லையா?"

"பால் வாங்காம பிள்ளத்தாச்சிக்கு என்ன, பசைக் கஞ்சியா குடுப்பேன்?"

"கவர்மெண்டு வீட்டுக்குள்ள இருங்கன்னு சொல்லுச்சு."

"சொல்லுச்சு. ஆணி அடிச்சா சொல்லும்?"

அந்த வட்டத்தில் நான் நின்றிருந்தால் தங்கவேல் பேசிய அதையேதான் பேசியிருப்பேன். மதுரையில் பேசியும் இருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். தன் பயத்துக்கு ஒரு தகரம் கேட்டவர்.

ஐந்தாவது வட்டத்தில் அதுவரை பேசாமல் நின்ற மனிதர் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டார். கருப்பசாமி, பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இருபத்தெட்டு வருடமாக வேலை அறைகளைக் காக்கும் பொறுப்பு அவருடையது.

"ஏலே தங்கவேலு, நீ சொல்றது பூராம் சரி. தள்ளி இருக்கணும், சரி. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாதுன்னு எங்களுக்கு என்னைக்கோ சொல்லிட்டாக. நானும் அஞ்சாவது ஆள வெரட்டிருக்கேன். ஆனா ஒண்ணு. வெடிமருந்து இருக்க ரூமுக்கே நாலு வாசல். ஒண்ணுலயும் தாப்பா கெடையாது. இங்கன பிள்ளத்தாச்சி இருக்கா, ஒரு வாசல் இல்ல. இத நான் என் ஷெட்டுல செஞ்சா என்னைய ஜெயில்ல போடுவாக."

"வாசல் வச்சா வெளிய வருவாகளே அண்ணாச்சி!"

"எங்க ஷெட்டுல நாலு கதவும் தொறந்துதான் கெடக்கு. வேல நேரத்துல எவனாச்சும் வெளிய ஓடுறானா? கதவு இருக்கதுனாலதான்லே நிம்மதியா உள்ள உக்காந்து மருந்து செலுத்துறான்."

தகர இடுக்கில் என் மகளின் குரல் கேட்டது. "அதத்தான் நானும் கேக்குறேன். போறதுக்கு இல்ல. இருக்கதுக்கு."

ஒன்பதரைக்குச் சுகாதார ஆய்வாளர் ஸ்கூட்டரில் வந்தார். முப்பது வயதுகூட இருக்காத பெண். முகக்கவசத்துக்கு மேலே தூங்காத கண்கள். கருப்பசாமி மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். ஆய்வாளர் யாருக்கோ ஃபோன் செய்தார். அந்தப் பக்கம் எடுத்தவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். இன்னொருவர் எடுக்கவில்லை.

"அடைக்கணும்னுதான் எனக்கு ஆர்டர், சார்."

"அடைச்சே இருக்கட்டும்மா. ஆணி அடிச்சு மூடணும்னு எழுதியிருக்கா?"

அவர் தன் நோட்டைப் புரட்டினார். பிறகு தகரத்தின் பக்கம் போய் நின்று, "உங்க பேரு என்ன? எத்தனையாவது வாரம்?" என்று இடுக்கு வழியாகக் கேட்டார். முப்பத்தேழு என்று பதில் வந்தது. அதன்பின் ஆய்வாளர் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை.

"அவசர வழின்னு எழுதிக்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் தவிர யாராச்சும் இதைத் தாண்டுனதாத் தெரிஞ்சா மறுபடி ஆணிதான். யாரு பொறுப்பு?"

"நான்" என்று உள்ளேயிருந்து நிவேதா சொன்னாள். "நானும்" என்றார் கருப்பசாமி. நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சாயங்காலம் மதுரைக்குப் போய்விடும் நான் எதற்குப் பொறுப்பாக முடியும்?

என்னால் முடிந்தது கீல் வாங்குவது. பத்தரைக்கு முருகேசனும் நானும் சிவகாசிக்குப் போனோம். கடைகள் மதியம் இரண்டு மணி வரைதான். ஆட்கள் உள்ளே வராதபடி வாசலில் கயிறு கட்டிய ஹார்டுவேர் கடையில், நாலங்குலக் கீல் ஜோடி எழுபது ரூபாய். கடைக்காரர் "எத்தன ஜோடி?" என்றார். ஒரு கதவுக்கு ஒரு ஜோடி போதும். நான் இரண்டு ஜோடி என்றேன். ஏன் என்று அப்போது முருகேசனிடம்கூடச் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் நடுத் தகரத்தைக் கழற்றிச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கதவை மாட்டி முடித்ததும் கருப்பசாமி தள்ளிப் பார்த்தார். கதவு சந்துக்குள்ளே போனது.

"கழட்டு."

"அண்ணாச்சி, எல்லா வீட்டுக் கதவும் உள்பக்கமாத்தான் தொறக்கும்."

"வீட்டுக்கு வாறவன் உள்ள வருவான். இது ஓடுறவனுக்கு உள்ள கதவு. உள்பக்கமாத் தொறந்தா, ஆளு நெருக்கையில அவுக மேலயே மூடிக்கும். நான் கண்ணால பாத்திருக்கேன்."

என்ன பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் கேட்க வேண்டியதில்லை. பட்டறைக்காரர் அதைக் கழற்றி, வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டினார். தாழ்ப்பாள் வைக்கவில்லை, காற்றில் அடிக்காமலிருக்க ஒரு துணிக் கயிறு மட்டும். அதைத் தங்கவேல் தன் பட்டறையிலிருந்து கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுத் தன் வட்டத்துக்கே திரும்பிப் போய் நின்றார்.

மதியம் ஒன்றே காலுக்குக் கதவை ஒரு முறை திறந்து காட்டினார்கள். சந்துக்குள்ளே பத்தடி தள்ளி என் மகள் முழுசாக நின்றாள். வயிறு இறங்கியிருந்தது, கால் வீங்கியிருந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் ஓடவில்லை, அவளும் ஓடவில்லை. திறந்த கதவின் இரு பக்கமும் அவரவர் இடத்தில் நின்றோம். கொண்டுபோன நார்த்தங்காய் ஊறுகாயையும் பழைய பருத்திப் புடவைகளையும் கதவருகே வைத்துவிட்டுப் பின்வாங்கினேன். பாக்கியம் வந்து எடுத்துக்கொண்டார்.

"மதினி, போயிட்டு வாங்க. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

நம்பினேன். தம்பி போனதற்குப் பிறகு நான் ஒருவரை நம்பியது அதுதான் முதல் முறை.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். சாவடியில் காலையில் பார்த்த அதே காவலர். "மூணு பேருன்னு சொன்னீங்களே?" "ரெண்டு பேர்தான். அவ அங்கயே இருக்கேன்னுட்டா." அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கையசைத்து அனுப்பினார்.

ஆறு நாள் கழித்து, காலை பத்தரைக்கு அவளுக்கு வலி கண்டது. ரிசல்ட் அதற்கு முன்பே தொற்று இல்லை என்று வந்திருந்தது. ஆம்புலன்ஸ் சந்தின் வாய்வரை வந்தது. ஸ்ட்ரெச்சர் எங்கும் இடிக்காமல் வெளியே வந்தது. கயிற்றை அவிழ்த்துக் கதவை விரியப் பிடித்துக்கொண்டு நின்றவர் தங்கவேல் என்று பாக்கியம் ஃபோனில் சொன்னார். பெண் குழந்தை.

ஆனால் நான் ஊர் திரும்பிய அன்று இதெல்லாம் தெரியாது. ஐந்தேகாலுக்கு எங்கள் தெருவில் இறங்கினேன். அரசாங்கம் எங்களைத் தள்ளி இருக்கச் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். அடைத்து வைத்தது வேறு. அந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு எண்பது கிலோமீட்டர் தேவைப்பட்டது. நாரணாபுரத்தில் அது ரேஷன் வரிசையில் நிற்பவருக்குத் தெரிந்திருக்கிறது.

மாநகராட்சியின் அதே எண்ணுக்கு நான்காம் முறை ஃபோன் செய்து, எதிர் வீட்டுத் தகரத்தில் அவசர வழி வேண்டும், காலையில் ஆள் அனுப்புங்கள் என்றேன். முன்பு தகரம் கேட்டதும் நீங்கள்தானே என்றார்கள். ஆமாம் என்றேன். பிறகு தெருவைக் கடந்து போய்த் தகரத்தைத் தட்டினேன்.

"யாரு?" மல்லிகாவின் குரல்.

"எதிர் வீட்டு டீச்சர். இத அடிக்கச் சொன்னது நான்தான் மல்லிகா."

உள்ளே செருப்புச் சத்தம் தகரத்தருகே வந்து நின்றது.

"தெரியும் டீச்சர்."

"கீல் வாங்கிட்டு வந்திருக்கேன். காலைல கதவு வைக்கச் சொல்லியிருக்கேன்."

உள்ளே ஏதோ இரும்பை இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது.

"வெளிப்பக்கமாத் தொறக்குற மாதிரி வைக்கச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். "இந்தப் பக்கம் பிள்ளைங்க சைக்கிள் நிக்குது."