திறந்து காட்டினாத்தான் அழிப்பா

மன்னார்புரத்துல என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துல பேட்ரிசியா கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கா. பொன்மலையில வளர்ந்தவ. நல்ல வேலைக்காரி, ஆனா சரியான பிடிவாதக்காரி. உங்களுக்கு வேணுங்கிற ஃபைலை உங்க கையாலயே திறந்து காட்டணும், அப்புறம்தான் விண்டோஸை அழிச்சுப் புதுசா போடுவா. பாதிப் பேர் கோவிச்சுக்கிட்டே போயிடுவாங்க. "ஏண்டி, வர்ற கஸ்டமரையும் விரட்டுறே?"ன்னு நானே திட்டியிருக்கேன். காதுல வாங்கினாத்தானே!

போன வெள்ளிக்கிழமை ஜீயபுரத்துலேர்ந்து வளவன்னு ஒருத்தர் வந்தாரு. கையில பொண்டாட்டி சுபஸ்ரீயோட லேப்டாப். அந்தப் பொண்ணு பிரசவமாகி ஆஸ்பத்திரியில இருக்கு. வருஷக்கணக்கா எழுதின பிஎச்.டி. ஆய்வு அதுக்குள்ள. வேற காப்பி கிடையாது. சாயங்காலத்துக்குள்ள யுனிவர்சிட்டிக்கு அனுப்பியாகணும். மெஷினோ ஆன் பண்ணினா வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது.

"சி டிரைவை அழிச்சுடுங்க. எல்லாம் டி-யிலதான் இருக்குன்னு அவ சொன்னா."

முக்கியமானதை டி-யில வைங்க, விண்டோஸ் இருக்கிற சி-யைத்தான் அழிப்போம்னு ஊர்ல எல்லாக் கடைக்காரங்களும் சொல்றதுதானே. பேட்ரிசியா பென்டிரைவைச் சொருகி, அதுலேர்ந்து மெஷினை எழுப்பி, டி-யைத் திறந்து வச்சா.

"ஆய்வைத் திறந்து காட்டுங்க சார்."

"நேரமில்லைங்க! அப்ப என் பொண்டாட்டி என்ன பொய்யா சொல்றா?"

குரல் எகிறிடுச்சு. நான் என் கடையை விட்டு இறங்கி அங்க வந்து நின்னேன். இவ அசையல.

பல்லைக் கடிச்சுக்கிட்டு கிளிக் பண்ணினாரு. திறக்கல. மறுபடி தட்டினாரு. ம்ஹூம்.

"இது வெறும் ஷார்ட்கட்டுங்க"ன்னா பேட்ரிசியா. "விலாசம்தான் டி-யில இருக்கு. வீடு சி-யில இருக்கு, டெஸ்க்டாப்ல."

மனுஷனுக்கு முகமே வெளுத்துப்போச்சு. அப்படியே ஸ்டூல்ல உட்கார்ந்துட்டாரு. பேட்ரிசியா சி-க்குள்ள போய்த் தேடினா. இருந்துச்சு! டி-க்குக் காப்பி போட்டா. திரையில காப்பி ஆகிற கோடு பாதி வரைக்கும் வந்து நின்னுபோச்சு. முருகா, முருகான்னு நான் முணுமுணுத்துக்கிட்டே நிக்கிறேன். ஒருவழியா நகர்ந்து முடிஞ்சுது. அவரே திறந்தாரு. முதல் பக்கத்துல சுபஸ்ரீ பேரு.

அப்பன்னு பார்த்து வளவனோட போன் அடிச்சுது, சுபஸ்ரீதான். பின்னால குழந்தை வீல்னு கத்துது, அந்தப் பொண்ணு அதுக்கு மேல கத்துது: "இன்னுமா அழிக்கல? என்னதான் பண்றாங்க அங்க? சீக்கிரம் அழிக்கச் சொல்லுங்க!"

வளவனுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது.

"அழிக்கல சுபா"ன்னாரு. "இந்த அக்கா அழிக்கவே இல்ல."