உறவினருக்கான கடிதம்

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அப்பாவுக்குப் புரியவைக்க எடுத்த முயற்சி எல்லாம் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஊசி போடுவியா என்பார். இல்லை. மாத்திரை எழுதித் தருவியா? அதுவும் இல்லை. அப்புறம் என்னதான் செய்வே?

"பேசுவேன்ப்பா."

"பேசுறதுக்கா ஏழு வருஷம் படிச்சே? உங்கம்மா படிக்காமலே பேசுறாளே."

அம்மா பின்னாலிருந்து சிரிப்பது தொலைபேசியில் கேட்கும். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். முதல் ஆளாகப் போனவள், வீட்டாருக்கு ஒரு வரியில் சொல்ல வருகிற படிப்பாகப் படித்திருக்கலாமோ என்று அழைப்பை வைத்த பிறகு சில நாள் தோன்றும்.

புற்றுநோய் மருத்துவமனையில் அவள் மரபணு ஆலோசகர்; மூன்றாம் மாடியில், லிஃப்டுக்கு எதிரே அவள் அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, கண் துடைக்க ஒரு பெட்டி காகிதம். வருகிறவர்களிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்பாள். அம்மா பக்கம், அப்பா பக்கம், யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது, யார் எதனால் போனார்கள். கேட்கக் கேட்க வரைவாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். புற்று வந்தவர்களைக் கறுப்பாக நிரப்புவாள். இறந்தவர்கள் மேல் குறுக்கே ஒரு கோடு. பிறகு ரத்தம் எடுத்து அனுப்பி, நோய்க்கு வழிவிடுகிற பிழை ஏதாவது மரபணுவில் தலைமுறை தலைமுறையாக வருகிறதா என்று பார்ப்பார்கள். வருகிறது என்றால் அதை உரியவரிடம் சொல்வதும், சொன்ன பிறகு அவர் அழுது முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பதும் அவள் வேலை. சும்மா உட்காரத்தான் அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

வேலைக்காக வந்த ஊர். மருத்துவமனைக்கு வெளியே அவளுக்குப் பேச்சுத்துணை ஒரே ஒருத்தி. அவள் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குக் கீழே, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், தையல் கடை வைத்திருந்த அக்கா. நாற்பத்திரண்டு வயது. கடைக்குப் பின்னாலேயே குடித்தனம். விரும்பி மணந்துகொண்டவன் நான்காம் வருடமே கம்பி நீட்டிவிட்டான் என்பதை, பொத்தான் தைத்துக்கொண்டே, யாருக்கோ நடந்ததுபோல் சொல்வாள். மாலையில் கடையைச் சாத்தியதும் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். தையலக்கா அவளுக்கு வைத்த பெயர் 'ஜோசியம்'. போன தலைமுறையைக் கேட்டு வரப்போகிற தலைமுறைக்குச் சொல்கிறாய், கட்டம் வேறு போடுகிறாய், பிறகு என்ன என்பாள்.

ஒரே ஒருநாள் தையலக்கா தன் அம்மாவைப் பற்றிப் பேசினாள். அம்மா போன செய்தி மூன்று நாள் கழித்து, ரவிக்கை தைக்க வந்த ஒருத்தி வாயால்தான் தெரிந்தது. வீட்டிலிருந்து யாரும் சொல்லியனுப்பவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, இதை இத்தோடு விடு, இன்னொருத்தர்கிட்ட பேசாதே என்றாள்.

அந்த வாரம் மருத்துவமனைக்கு வந்தவள் முப்பத்தாறு வயதுக்காரி. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. மார்பில் அறுவை முடிந்திருந்தது. அவளுடைய அம்மா நாற்பத்தொன்பதில் சினைப்பைப் புற்றில் இறந்துபோனவள். கூடப்பிறந்தது ஒரு அக்கா, பேச்சுவார்த்தை கிடையாது, அதற்கு மேல் முதல் நாள் எதுவும் சொல்லவில்லை. அந்த அக்காவின் வட்டத்தை ஆலோசகர் வெள்ளையாக விட்டிருந்தாள்.

முடிவு வந்தது. பிழை இருந்தது, அம்மா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். இந்த மாதிரி நாட்களில் 'உறவினருக்கான கடிதம்' என்று ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பார்கள். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒன்று இருக்கிறது, நீங்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்கிற கடிதம். ஆலோசகர் கையெழுத்திட்டுத் தரலாம். கொண்டுபோய்ச் சேர்ப்பது நோயாளியின் விருப்பம். உங்கள் அக்காவுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, முன்கூட்டியே தெரிந்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது என்று அவள் பக்குவமாகச் சொன்னாள்.

வந்தவள் கடிதத்தைத் தொடவில்லை.

"அம்மா சாகும்போது எட்டிப் பாக்காதவ. அம்மாகிட்டேருந்து அவளுக்கு என்ன வந்திருக்குன்னு நான் எதுக்குச் சொல்லணும்?"

அக்கா எங்கே இருக்கிறார் என்று தெரியுமா என்று ஆலோசகர் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"தெரியாம என்ன. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தையல் கடை. இடது கையால துணி வெட்டுவா, கேட்டா யாரும் சொல்லுவாங்க."

ஆலோசகரின் பேனா தாளின் மேல் நின்ற இடத்தில் மை ஊறியது. கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்துக் கொடுத்தாள். யோசித்துப் பாருங்கள் என்றாள். குரல் மாறவில்லை. மாறாததை நினைத்து அப்புறம் அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அன்றே துறைத் தலைவியான பெரிய டாக்டரிடம் போய், இந்தக் கடிதம் போக வேண்டிய அக்கா நான் தினம் சேர்ந்து சாப்பிடுகிறவள், கோப்பை வேறு ஆலோசகரிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கைமாறிய கோப்பில் யாரும் இரண்டாம் முறை அழைத்துக் கேட்க மாட்டார்கள், தான் என்றால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்பதுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணம். அது மட்டும்தானா? தையலக்காவின் விஷயத்தில் தன் பிடி விட்டுப்போகக் கூடாது என்று இருந்ததா? இதற்கு அவளால் நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

மாலைச் சாப்பாடு நடந்துகொண்டுதான் இருந்தது. முகம் ஏன் தொங்கிக் கிடக்கு, எவனாவது மாட்டினானா என்று தையலக்கா கேட்டாள். வருடத்துக்கு ஒரு தடவை உடம்பைக் காட்டிக்கொள்ளலாமே அக்கா என்று, எங்கோ பார்த்தபடி, ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறியா? தலைக்கு எவ்வளவு கமிஷன்?"

அவளும் சிரித்துவைத்தாள். அதற்கு மேல் ஒரு சொல் சேர்த்தால் அது துப்புக் கொடுத்ததாகிவிடும். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற உடம்பைப் பற்றி உடம்புக்காரிக்குத் தெரியாதது தனக்குத் தெரியும். ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடும்போதும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு நின்றது.

தையலக்காவின் தங்கையை, அந்த நோயாளியை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் அழைத்தாள். முதல் முறை, இன்னும் கொடுக்கவில்லை. இரண்டாம் முறை, கொடுக்கப் போவதில்லை. ஆறாம் வாரம் மூன்றாவது முறை அழைத்தபோது தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா கடைசி நாள்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததையும், பிணத்தை எடுக்கிற நேரம்வரை அக்கா வரவில்லை என்பதையும் கொட்டித் தீர்த்தாள்.

"அவங்களுக்குச் சேதி வந்ததே மூணு நாள் கழிச்சுதானே," என்றாள் ஆலோசகர்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

"இதை நான் உங்ககிட்ட சொல்லலியே," என்றாள் தங்கை. இணைப்பு அறுந்தது.

இரண்டு பக்கத்து ரகசியத்தையும் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதாக நினைத்திருந்தாள். படிக்காதவர்களுக்கு இந்தத் தப்பு வர வாய்ப்பே இல்லை. அவர்கள் அக்காவிடம் முதல் நாளே போய்ச் சொல்லியிருப்பார்கள். அன்று பிற்பகலே பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு, இதை நீ ஆறு வாரத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்மா என்றார்.

நான்கு நாள் கழித்து அவள் வேலை முடிந்து வந்தபோது தையல் கடையின் கதவு பாதி இறங்கியிருந்தது. வெட்டுமேசையின் மேல் கடிதம் விரித்துக் கிடந்தது. தையலக்காவின் கண்கள் வீங்கியிருந்தன. ஆனால் குரல் தெளிவாக இருந்தது. மத்தியானம் தங்கச்சி வந்தாள் என்றாள். வாசலில் நின்றபடியே, உனக்கு நிஜமாவே தெரியாதா என்று கேட்டாளாம். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாளாம்.

"இதுல உன் கையெழுத்து இருக்கு. தேதியும் இருக்கு."

"சொல்லக் கூடாதுக்கா. அது சட்டம்."

"புரியுது. அவ விஷயத்தை என்கிட்ட சொல்லக் கூடாது, சரி. என் விஷயத்தை அவகிட்ட சொல்லலாமா?"

அது நழுவிவிட்டது என்று சொல்லலாம். அதனால்தான் தங்கை வந்தாள் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை, இரண்டையும் சொல்ல வாய் வரவில்லை. தையலக்கா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, போய்ச் சாப்பிடு என்றாள். இன்றைக்குச் சேர்ந்து சாப்பிடப்போவதில்லை என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

தையலக்கா பரிசோதனைக்குப் போனாள். வேறு ஆலோசகர், வேறு தளம். முடிவு வர மூன்று வாரம் ஆகும் என்பதை ஆலோசகர் யாரும் சொல்லாமலே அறிவாள். மாலைகளில் கடை வாசலில் இன்னொரு ஜோடிச் செருப்பு கிடக்கத் தொடங்கியது.

இருபத்திரண்டாம் நாள் பரிசோதனை முடிவுகள் கணினியில் ஏறின. அவள் மேசையில் இருந்த அதே கணினிதான். தையலக்காவின் பதிவு எண்ணைத் தட்டினால் திறக்கும். தட்டக் கூடாது. சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து வந்தவர்களிடம் அம்மா பக்கம் கேட்டாள், அப்பா பக்கம் கேட்டாள், வட்டம் போட்டாள், சதுரம் போட்டாள்.

வீடு திரும்பும்போது கடை திறந்திருந்தது. தையலக்கா வெட்டிக்கொண்டிருந்தாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து துணியின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். இரண்டு முகத்திலும் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. எத்தனையோ முகங்களைப் படித்தவள் அவள்.

"வேலை முடிஞ்சுதா?" என்றாள் தையலக்கா, நிமிர்ந்து.

"முடிஞ்சுதுக்கா."

தையலக்கா தலையசைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அவள் இரண்டு நொடி அங்கேயே நின்றாள். பிறகு மாடியேறினாள்.

தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கீழிருந்து பேச்சுக்குரல் வந்தது. யார் பேசுவது என்று தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. கொஞ்சம் காதைக் கொடுத்தால் தெரிந்துவிடும். அவள் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள்.